மாநாட்டில் திறமூல மென்பொருளை அறிமுகப்படுத்துவது எப்படி?

மாநாட்டுக்குச் செல்லும் திறமூல (மூல நிரலை யாவரும் பார்த்து, மாற்றி, பகிரக்கூடிய) மென்பொருள் ஆர்வலர்கள் பெரும்பாலும் உரை நிகழ்த்துவதையே முதன்மையாகக் கருதுகிறார்கள். என் அனுபவத்தில், புதியவர் ஒருவர் தம் கையாலேயே மென்பொருளை இயக்கிப் பார்க்கும் ஐந்து நிமிடங்கள்தான் அவரைப் பயனராக்குகின்றன. மற்ற ஏற்பாடுகள் யாவும் அந்த ஐந்து நிமிடங்களுக்காகவே அமைய வேண்டும்.

முதலில் மாநாட்டைத் தேர்ந்தெடுங்கள். பிரஸ்ஸல்ஸில் ஆண்டுதோறும் நடைபெறும் ஃபாஸ்டெம் என்ற திறமூல மென்பொருள் மாநாட்டுக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை, முன்பதிவும் இல்லை. ஆயினும் அங்கு வருவோரில் பலர் ஏற்கெனவே நிரலாளர்கள். மென்பொருளை உருவாக்க உதவும் பங்களிப்பாளர்களைத் தேடுவோருக்கு அது பொருத்தமான இடம். பயனர்களைத் தேடுவோர் ஆசிரியர்கள், நூலகர்கள், ஒலிப்பதிவாளர்கள் கூடும் துறைசார் மாநாடுகளுக்கே செல்வது நல்லது. காட்சி அரங்குக்கும் உரைக்கும் விண்ணப்பிக்கும் காலம் பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும் என்பதால் அறிவிப்புகளைத் தொடர்ந்து கவனித்துவாருங்கள்.

செயல்விளக்கத்துக்கு ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலியைப் பதியவும் திருத்தவும் உதவும் ஆடாசிட்டி மென்பொருளை அறிமுகப்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். மின்விசிறி இரைச்சலோடு பதிவான அரை நிமிடப் பேச்சையும், காதை முழுவதும் மூடும் ஹெட்போனையும் கொண்டுசெல்லுங்கள். பேச்சு தொடங்குவதற்கு முன்னுள்ள, இரைச்சல் மட்டும் கேட்கும் சில நொடிகளை வந்தவரையே தேர்ந்தெடுத்து மென்பொருளுக்கு இரைச்சல் மாதிரியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். பிறகு பதிவு முழுவதையும் தேர்ந்தெடுத்து இரைச்சல் குறைப்பை இயக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறினாலும் மவுஸை நீங்கள் வாங்கிக்கொள்ளாதீர்கள். இரைச்சல் அடங்கிக் குரல் மட்டும் தெளிந்து வரும்போது அவர் முகத்தில் தோன்றும் மலர்ச்சியை எந்தத் துண்டறிக்கையும் தந்துவிடாது. இந்த வசதி சீரான இரைச்சலையே நன்றாகக் குறைக்கும்; கூட்டத்தின் சலசலப்போ சீரான ஒலியன்று. ஆகவே அங்கேயே பதிந்து காட்ட முயல வேண்டாம். மாநாட்டு வைஃபையையும் நம்பியிருக்க வேண்டாம். நிறுவல் கோப்புகளைப் பென் டிரைவில் வைத்திருங்கள்.

"அலுவலகத்தில் பயன்படுத்தலாமா?" என்ற கேள்வி தவறாமல் வரும். எந்தத் துறையில் பயன்படுத்துவதையும் திறமூல உரிமம் தடுக்காது என்று தயங்காமல் சொல்லுங்கள். மாற்றியமைத்து விநியோகிக்கும்போதுதான் வேறுபாடுகள் எழும்: எம்ஐடி உரிமம் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் உடன் வைத்திருக்கக் கோருகிறது, ஜிபிஎல் உரிமமோ மாற்றிய மூல நிரலையும் அதே உரிமத்தின்கீழ்ப் பெறுநருக்குக் கிடைக்கச் செய்யக் கோருகிறது. குறைகளைக் கேட்டால் மறைக்காதீர்கள். வணிக மென்பொருளில் இருக்கும் ஒரு வசதி நம்மிடம் இல்லையென்றால், இல்லை என்றே சொல்வதுதான் வந்தவருக்கு நாம் செய்யும் மரியாதை.

உரைக்கு வாய்ப்புக் கிடைத்தால் வசதிகளை அடுக்காமல், தீர்ந்த ஒரு சிக்கலைச் சொல்லுங்கள்.

பங்களிக்க விரும்புவோரிடம் மென்பொருளின் இணைய முகவரியை மட்டும் கொடுத்து அனுப்பிவிடாமல், ஆவணத்தில் உள்ள எழுத்துப்பிழை, மொழிபெயர்க்கப்படாத ஒரு வரி போன்ற சிறு வேலைகளை முன்கூட்டியே குறித்து வைத்திருந்து, அவற்றில் ஒன்றை அங்கேயே உடனமர்ந்து முடிக்கச் செய்யுங்கள். வீடு திரும்பியதும், அவர் அனுப்பிய அந்தத் திருத்தத்தை வேறெந்த வேலைக்கும் முன்பாகப் பரிசீலித்து, நன்றியோடு பதில் எழுதுங்கள்.