பாவு எது, ஊடை எது? சாரன வச்சே பாருங்க

மருதமுனைப் பக்கம் கைத்தறி சாரன் வாங்கப் போனா பாவு, ஊடை எண்டு கதைப்பாங்க, தறியில முதலே நீளத்துக்கு இழுத்துக் கட்டுற நூல்தான் பாவு, மறுகா நாடா, அதாவது நூல் வச்ச தறிக் கட்டை, அங்கயும் இங்கயும் ஓடிக் குறுக்கால போடுறது ஊடை. கையில துணி இரிந்தா முதல்ல கரைய, அதாவது நூல் பிரியாத ஓரத்தப் பாருங்க, கரையோட சேர்ந்து ஓடுறதுதான் பாவு. சாரன்ல கரை மேலயும் கீழயும் வாறதால உடுத்தா பாவு இடுப்பச் சுத்தித்தான் போகும், கன பேர் மாறி நினைக்கிறாங்க. கரை இல்லாத துண்டா? ரெண்டு பக்கமும் இழுங்க, குறைய இழுபடுறது பெரும்பாலும் பாவு. பை தைச்சா காது பாவுப் பக்கமா வெட்டுங்க. நான் ஒருக்கா கோணலா வெட்டி, ரெண்டு கிலோ அரிசி போட்டதும் பை முழங்கால் வரைக்கும் தொங்கிட்டு!