சின்ன ஃபோர் வீல் டிரைவ் காரைப் பனிக்காலத்தில் ஓட்டுவது எப்படி?

ஃபோர் வீல் டிரைவ் காரோடு முதல்முறை பனிச்சாலைக்கு வருபவர்கள், முதல் அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்வது பெரும்பாலும் தப்பான பாடம். மற்ற கார்கள் சக்கரம் சுழன்று திணறும் ஏற்றத்தில் நம் கார் அலட்டிக்கொள்ளாமல் ஏறிவிடும். உடனே, சாலை அவ்வளவு மோசமில்லை என்று மனம் முடிவு கட்டிவிடும். சாலை அதேதான். இழுவிசை நான்கு சக்கரங்களுக்கும் பிரிந்து போவதால் வழுக்கல் நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

டூ வீல் டிரைவ் கார் கிளம்பும்போதே சக்கரம் சுழன்று எச்சரித்துவிடும். நம் காரில் அந்த எச்சரிக்கை வராது. நிறுத்துவதில் நமக்கு ஒரு சலுகையும் இல்லை. பிரேக் எல்லாக் கார்களுக்கும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. ஆகவே, சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பதை நாமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கீழே வரும் படிகளில் பாதி அதற்காகத்தான்.

படி 1: உங்கள் காரில் இருப்பது எந்த வகை?

சின்னக் கார்களில் மூன்று வகைகளைப் பார்க்கலாம். சுசுகி ஜிம்னி போன்றவற்றில் இருப்பது பார்ட் டைம் வகை. சாதாரணமாகப் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் (2ஹெச்). லிவரை 4ஹெச்சுக்கு மாற்றினால் முன் ஆக்சிலும் (சக்கர அச்சு) பின் ஆக்சிலும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். மிக மெதுவாக, மிக வலுவாகப் போவதற்கு 4எல். இரண்டாவது, சுசுகி இக்னிஸ் மாதிரி தானாக இயங்கும் வகை. முன்சக்கரம் வழுக்கினால்தான் நடுவில் இருக்கும் கப்ளிங் பின்சக்கரத்துக்கு விசையை அதிகமாக அனுப்பும். மூன்றாவது, 1977இல் வந்த லாடா நிவா போல எப்போதும் நான்கு சக்கரமும் இழுப்பவை. இவற்றில் நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் உண்டு, முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல அது இடம் கொடுக்கும்.

பார்ட் டைம் வகைக்காரர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் உருளும். 4ஹெச்சில் இரண்டும் பூட்டியிருப்பதால் அந்த வித்தியாசத்தை டயர்தான் வழுக்கிச் சமாளிக்க வேண்டும். பனியில் அது எளிதாக நடந்துவிடும். உலர்ந்த தாரில் நடக்காது. ஸ்டீயரிங் கனக்கும், யாரோ பின்னால் இழுத்துப் பிடித்த மாதிரி கார் திக்கும், கியர்களில் முறுக்கு ஏறும். எனவே உலர்ந்த சாலையில் 2ஹெச், பனியில் 4ஹெச்.

சரி, பாதி உலர்ந்தும் பாதி பனி மூடியும் கிடக்கும் சாலையில் என்ன செய்வது? பனி தொடங்குவதற்கு முன்பே, நேராகப் போகும்போதே மாற்றிவிடுங்கள். பின்சக்கரம் வழுக்கிய பிறகு லிவரைத் தேடுவது தாமதம். பெரும்பாலான கார்களில் 2ஹெச்சிலிருந்து 4ஹெச்சுக்கு ஓடும்போதே மாறலாம், 4எல்லுக்கு மட்டும் நிறுத்த வேண்டும். எந்த வேகம் வரை மாற்றலாம் என்பது காரோடு வந்த கையேட்டில் இருக்கும்.

படி 2: டயரை மாற்றுங்கள்

பனிக்காலத்துக்காக ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால், அது நான்கு விண்டர் டயர்களாக இருக்கட்டும். வேறு எதையும் நான் இதற்கு முன்னால் வைக்க மாட்டேன். சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுக ஆரம்பிக்கும். விண்டர் டயரின் ரப்பர் குளிரிலும் மெத்தென்று இருக்கும். அதன் மேற்பரப்பிலுள்ள ரப்பர் கட்டைகளில் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும், அவைதான் பனியைக் கவ்விப் பிடிக்கின்றன. சம்மர் டயர் போட்ட ஃபோர் வீல் டிரைவைவிட, விண்டர் டயர் போட்ட டூ வீல் டிரைவ் கார் பனியில் சீக்கிரம் நிற்கும்.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் பனிப்பூவும் உள்ள சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். அது சோதனையில் தேறிய டயருக்குத்தான் கிடைக்கும். வெறும் ‘எம்+எஸ்’ எழுத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள், அதற்குச் சோதனை எதுவும் தேவையில்லை. நான்கும் ஒரே ரகமாக, ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் சுற்றளவு மாறினால் கப்ளிங்குக்கும் டிஃபரன்ஷியலுக்கும் ஓயாத வேலை. டயர் மேற்பரப்பிலுள்ள பள்ளங்களின் ஆழம் 4 மி.மீ.க்குக் கீழே போனால் பனியில் அந்த டயரால் பெரிய பயன் இல்லை.

குளிரில் காற்றழுத்தமும் இறங்கும். ஏறக்குறைய 5 அல்லது 6 டிகிரி குறைந்தால் 1 பிஎஸ்ஐ குறையும். டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து நிரப்புங்கள். பனியில் பிடிமானத்துக்காக டயரைச் சுற்றி மாட்டும் செயின் வைத்திருந்தால், எந்த ஆக்சிலில் மாட்ட வேண்டும் என்று கையேட்டைப் பார்த்து, வீட்டு வாசலில் ஒருமுறை மாட்டிப் பழகுங்கள். இருட்டில், விரல் விறைக்கும் குளிரில் அதைக் கற்றுக்கொள்ள முடியாது.

படி 3: கிளம்புவதற்கு முன்

கண்ணாடியில் எட்டிப் பார்க்கும் அளவுக்கு மட்டும் ஓட்டை சுரண்டிவிட்டுக் கிளம்பாதீர்கள். எல்லாக் கண்ணாடியும், எல்லா விளக்கும், முக்கியமாகக் கூரையும் சுத்தமாக வேண்டும். கூரைப் பனி முதல் பிரேக்கில் அப்படியே சரிந்து முன்கண்ணாடியை மூடிவிடும். கண்ணாடியில் வெந்நீர் ஊற்றக் கூடாது, விரிசல் விடும். எல்இடி ஹெட்லைட் அவ்வளவாகச் சூடாகாது என்பதால் அதன்மேல் விழும் பனி தானாக உருகாது, வழியில் நிறுத்தித் துடைக்க வேண்டியிருக்கும். வாஷர் தண்ணீர் உறையாத வகையாக இருக்கட்டும்.

காரில் ஏறும்போது இரண்டு ஷூவையும் தட்டிப் பனியை உதறிவிட்டு ஏறுங்கள். அடியில் பனி ஒட்டிய ஷூ பிரேக் பெடலிலிருந்து நழுவும். உள்ளே கொண்டுவந்த பனி உருகிக் கண்ணாடியில் ஆவியாகவும் படியும். அப்படிப் படிந்தால் ஹீட்டரோடு ஏசியையும் சேர்த்துப் போடுங்கள். ஏசி காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும், கண்ணாடி சீக்கிரம் தெளியும்.

மண்வாரி, கயிறு, ஒரு சிறு மூட்டை மணல், டார்ச், போர்வை, தண்ணீர், சார்ஜ் உள்ள போன் ஆகியவை காரிலேயே இருக்கட்டும்.

படி 4: கிளம்புதல்

மேனுவல் காரில் இரண்டாவது கியர், கிளட்சை மெதுவாக விடுங்கள். ஆட்டோமேட்டிக்கில் ஸ்னோ மோடு இருந்தால் அதைப் போடுங்கள். ஆக்சிலரேட்டரில் கால் பட்டும் படாமலும் இருக்க வேண்டும். வேகத்தைத் தானாக ஒரே சீராக வைத்திருக்கும் குரூஸ் கண்ட்ரோலைத் தொடவே வேண்டாம்.

படி 5: சாலையைக் கேளுங்கள்

இந்தப் படியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள்.

கிளம்பிய கொஞ்ச தூரத்தில், பின்னால் யாரும் வரவில்லை, சாலை நேராக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, 20 கி.மீ. வேகத்தில் பிரேக்கைச் சற்று அழுத்தமாக மிதியுங்கள். கார் சட்டென்று குனிந்து நின்றால் பிடிமானம் இருக்கிறது. பெடல் காலுக்கடியில் தடதடவென்று அதிர்ந்து, கார் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தால் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி) வேலை செய்கிறது, சாலையில் பிடிமானம் குறைவு. இதைத்தான் ஏற்றத்தில் ஏறியபோது கார் உங்களுக்குச் சொல்லவில்லை. உயரம் மாறும்போதும், நிழலான பகுதிக்குள் நுழையும்போதும், பொழுது சாயும்போதும் மறுபடி சோதித்துப் பாருங்கள்.

கணக்கு இப்படி. 50 கி.மீ. வேகத்தில் முழு பிரேக் போட்டால், உலர்ந்த தாரில் சுமார் 12 மீட்டரில் கார் நிற்கும். இறுகிய பனியில் சுமார் 50 மீட்டர் ஆகும். ஈரம் படிந்த பனிக்கட்டியில் 100 மீட்டரை நெருங்கும். நீங்கள் ஆபத்தைப் பார்த்துக் காலை எடுத்து வைக்கும் நேரத்தில் ஓடும் தூரம் இதில் சேரவில்லை. நல்ல செய்தியும் இதே கணக்கில் இருக்கிறது: வேகத்தைப் பாதியாக்கினால் தூரம் கால்வாசியாகிவிடும். அதே பனிக்கட்டியில் 25 கி.மீ. வேகத்தில் போனால் சுமார் 25 மீட்டர் போதும். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் வழக்கமாக 2 விநாடி இடைவெளி விடுவீர்கள் என்றால், பனியில் 8 முதல் 10 விநாடி விடுங்கள், பனிக்கட்டி என்றால் அதற்கும் மேலே.

அப்புறம் பிளாக் ஐஸ். தாரின் மேல் கண்ணாடி போல் படியும் மெல்லிய பனிக்கட்டி இது. பார்த்தால் சாலை வெறும் ஈரமாகத்தான் தெரியும். ஈரமாகத் தெரியும் சாலையில் முன்னால் போகும் வண்டியின் டயரிலிருந்து நீர்த்திவலை தெறிக்கவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். உங்கள் காருக்குள்ளும் தெரியும்: டயரின் இரைச்சல் திடீரென்று அடங்கும், ஸ்டீயரிங் கையில் எடையே இல்லாத மாதிரி லேசாகும். அந்த நேரத்தில் எதையும் செய்யாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, கடந்து போங்கள். பாலங்கள் மேலும் கீழும் குளிர்காற்றுப் பட்டு மற்ற சாலையைவிட முன்னதாக உறையும். கடுங்குளிரைவிட 0 டிகிரியை ஒட்டிய நேரம்தான் அதிகம் வழுக்கும், ஏனென்றால் பனிக்கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும்.

பிரேக் போட வேண்டி வந்தால், ஏபிஎஸ் உள்ள காரில் அழுத்தி மிதித்து அப்படியே வைத்திருங்கள், அதிர்வுக்குப் பயந்து காலை எடுக்காதீர்கள். ஏபிஎஸ் இல்லாத பழைய காரில் மிதித்து, சக்கரம் பூட்டியதும் விட்டு, மறுபடி மிதிக்க வேண்டும்.

படி 6: வளைவும் சறுக்கலும்

வேகத்தை வளைவுக்கு முன்பே, நேரான இடத்திலேயே குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் பிரேக்கும் வேண்டாம், திடீர் ஆக்சிலரேட்டரும் வேண்டாம்.

ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் நேராகவே போனால், முன்சக்கரங்கள் பிடி இழந்திருக்கின்றன. இன்னும் அதிகமாகத் திருப்பத்தான் கை போகும். அதைச் செய்யாமல், ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் நேராக்குங்கள். டயர் மறுபடி பிடித்ததும் கார் திரும்பும். பின்பக்கம் வெளியே வீசினால், போக வேண்டிய இடத்தைப் பார்த்து அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். சின்னக் காரில் இது வெகு சீக்கிரம் நடக்கும். மூன்று கதவு ஜிம்னியில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 2,250 மி.மீ.தான். நீளமான கார் சோம்பலாகச் சுழலும், குட்டைக் கார் பம்பரம் மாதிரி சுழன்றுவிடும். அதனால் திருப்பிய ஸ்டீயரிங்கை அதே வேகத்தில் நேராக்கவும் வேண்டும். இல்லையென்றால் எதிர்ப்பக்கம் வீசும். இதைப் படித்துக் கற்க முடியாது. அனுமதி உள்ள, ஆளும் கம்பமும் இல்லாத ஒரு திறந்த இடத்தில் குறைந்த வேகத்தில் வேண்டுமென்றே சறுக்கிப் பழகுங்கள்.

படி 7: ஏற்றம், இறக்கம்

ஏற்றத்தில் நின்றுவிடாதபடி, முன்னால் போகும் வண்டி மேலே போய்ச் சேரும்வரை கீழேயே காத்திருங்கள். பிறகு ஒரே சீரான வேகத்தில் ஏறுங்கள்.

இறக்கம்தான் கஷ்டம். ஏறிய சாலை என்பதாலேயே இறங்கிவிட முடியும் என்று அர்த்தமில்லை. உச்சியிலேயே நிறுத்தி, தாழ்ந்த கியருக்கு மாறி, எஞ்சினே காரைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்குங்கள். பார்ட் டைம் வகைக்கு இங்கே ஒரு பலம் உண்டு. ஆக்சில்கள் பூட்டியிருப்பதால் எஞ்சினின் பிடி நான்கு சக்கரத்துக்கும் போகும். செங்குத்தான இடத்தில் 4எல், முதல் கியர், பிரேக்கில் கால் படாமலேயே நடை வேகத்தில் இறங்கலாம்.

படி 8: மாட்டிக்கொண்டால்

பனியின் ஆழம் காரின் அடிவயிற்றைத் தொட்டால் கார் பனிமேல் உட்கார்ந்துவிடும், சக்கரங்கள் அந்தரத்தில் சுழலும். ஜிம்னிக்கே தரையிலிருந்து சுமார் 210 மி.மீ.தான் உயரம். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கப் பள்ளம் ஆழமாகி, அடியில் பனிக்கட்டியாக மெருகேறும். இரண்டு முறை முயன்றும் நகரவில்லையா, இறங்கி மண்வாரியை எடுங்கள். அடிப்பகுதியிலும் நான்கு சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் பனியை வாரிவிட்டு மணலைத் தூவுங்கள். டிராக்‌ஷன் கண்ட்ரோல் (சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் வசதி) எஞ்சினை அடக்கினால் அதை அணைத்துவிட்டு, முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டி வெளியே வாருங்கள். வந்ததும் மறுபடி போட்டுவிடுங்கள்.

உதவிக்காகக் காரிலேயே காத்திருக்க நேர்ந்தால், எஞ்சினைப் போடுவதற்கு முன் சைலன்சர் குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள். குழாய் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் வரும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். எஞ்சினை அவ்வப்போது சில நிமிடம் மட்டும் ஓட்டுங்கள், ஒரு ஜன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள்.

படி 9: நிறுத்திய பிறகு

கடுங்குளிரில் ஈரமான ஹேண்ட் பிரேக் உறைந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் சமதரையில் அதை இழுக்காமல் கியரில் விட்டு (ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில்), சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது நல்லது. பார்ட் டைம் வகையில் டிரான்ஸ்பர் லிவர் (2ஹெச், 4ஹெச், 4எல் மாற்றும் லிவர்) நியூட்ரலில் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள், இருந்தால் கியரில் விட்டும் கார் உருளும். சாலையில் தூவும் உப்பு சேஸியையும் பிரேக் குழாய்களையும் அரிக்கும் என்பதால், 0 டிகிரிக்கு மேலே இருக்கும் ஒரு பகலில் காரின் அடிப்பகுதியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். கழுவியதும் கதவு ரப்பர்களைத் துடைத்து, சிலிக்கான் ஸ்பிரே அடித்துவிட்டால் மறுநாள் காலையில் கதவு ஒட்டிக்கொள்ளாமல் திறக்கும்.