கார்ப்பெட் கழுவ சிங்கிள் டிஸ்க் மெஷின் வாங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டில் புதிதாக இறங்கும் தம்பிகள் பலர் சிங்கிள் டிஸ்க் மெஷினை, அதாவது அடியில் ஒரே வட்டத் தட்டில் பிரஷோ, தேய்க்கும் பேடோ மாட்டிச் சுற்றவிடும் மெஷினை, வாங்கிய பிறகுதான் போன் செய்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அதே பழைய தவறுகள்தான். வாரண்டி கார்டு, சர்வீஸ் சென்டர் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"மார்பிளுக்கும் ஆகும், கார்ப்பெட்டுக்கும் ஆகும்" என்பதை நம்புவது

இந்த ஒரு வாக்கியத்தால் பாழான கார்ப்பெட்டுகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. விற்பவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். நஷ்டம் நம் தலையில் விழும்.

சென்னையில் ஒரு ஹோட்டலின் விருந்து ஹால். நல்ல கட் பைல் கார்ப்பெட். கான்ட்ராக்ட் எடுத்த தம்பி, மார்பிள் பாலிஷுக்கு வாங்கிய மெஷினில் ஷாம்பூ பிரஷை மாட்டி ஓட்டிவிட்டார். மேலே ஏற்றியிருந்த வெயிட்டைக்கூடக் கழற்றவில்லை. ஈரமாக இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. காய்ந்த பிறகு விளக்கைப் போட்டதும் ஹால் முழுக்க வட்ட வட்டமாகத் தடம். "அண்ணே, இன்னொரு தடவை ஷாம்பூ போட்டா போயிடுமா?" என்று கேட்டார்.

போகாது. ஏனென்றால் அது அழுக்கே இல்லை. கட் பைலில் ஒவ்வொரு நூலும் முறுக்கப்பட்டு, நுனி வெட்டப்பட்டு நிற்கிறது. நைலான் நூல் என்றால் அந்த முறுக்கைச் சூடு காட்டி நிலைக்க வைத்திருப்பார்கள். கனமான பிரஷ் அதன் மேல் சுற்றிச் சுற்றித் தேய்த்தால் முறுக்கு பிரிந்து நுனி பஞ்சாக விரிந்துவிடும். பிரிந்த முறுக்கைத் திரும்ப ஏற்ற எந்த கெமிக்கலும் கிடையாது. அந்தத் தம்பியின் பில்லில் ஹோட்டல்காரர்கள் கைவைத்தார்கள். கான்ட்ராக்டும் போயிற்று.

எடையைப் போலவே வேகமும் ஏமாற்றும். "ஹை ஸ்பீடு" என்றதும் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 17 அங்குல பேட், நிமிடத்துக்கு 175 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு சுமார் 14 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதே பேட்டை தரை பளபளப்புக்கான 1500 சுற்று மெஷினில் மாட்டினால் மணிக்கு 120 கிலோமீட்டர். பாலிப்ரொப்பிலீன் கார்ப்பெட் 165 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். கனமான சோபாவை இழுத்தாலே அந்த உராய்வில் கோடு விழுகிற நூல் அது. அதன் மேல் இந்த வேகமா?

கார்ப்பெட்டுக்கு 150 முதல் 175 சுற்று போதும். வெயிட் ஏற்றாத மெஷின், மென்மையான ஷாம்பூ பிரஷ். அதுவும் லூப் பைலுக்கு மட்டும், அதாவது நூல் வெட்டப்படாமல் வளையமாக மடிந்திருக்கும் வகைக்கு. ஐடி ஆபீஸ்களில் போடும் நைலான் கார்ப்பெட் டைல்கள் பெரும்பாலும் இந்த வகைதான், இந்த மெஷினைத் தாங்கும். கட் பைல் அதிகமுள்ள இடம் என்றால் ஆர்பிட்டல் மெஷினைப் பாருங்கள். அதில் பேட் முழு வட்டமாக நூலை இழுத்துக்கொண்டு ஓடாது, சின்னச் சின்னச் சுழலாக அசையும். கம்பளி கட் பைலில் சுற்றும் பிரஷை வைக்கவே வைக்காதீர்கள்.

ஆக, முதலில் கார்ப்பெட்டைக் குனிந்து பாருங்கள், விரலால் நூலை விலக்கிப் பாருங்கள். கடைக்கு அப்புறம் போகலாம்.

பணம் முழுவதையும் இந்த ஒரு மெஷினிலேயே போடுவது

சிங்கிள் டிஸ்க் மெஷின் அழுக்கைக் கிளப்பும், ஆனால் வெளியே எடுக்காது. பானெட் பேட் (ஈரத்தை உறிஞ்சும் துணி பேட்) போட்டால் மேல் நுனியில் இருப்பதை ஓரளவு துடைத்தெடுக்கும், அவ்வளவுதான். அடியில் தங்கும் ஷாம்பூ பிசுக்கு புது அழுக்கை இழுத்துப் பிடிக்கும். கொஞ்ச நாளில் "இப்பதானே கழுவினீங்க?" என்று ஃபெசிலிட்டி மேனேஜர் கேட்பார். கார்ப்பெட்டில் இருப்பதில் பெரும்பகுதி உலர்ந்த மண்ணும் தூசியும்தான். அதை வேக்குவம் போட்டு எடுக்காமல் ஈரத்தைக் காட்டினால் அடியில் சேறாகிவிடும். நல்ல வேக்குவமும், தண்ணீரை விட்டு அழுக்கோடு உறிஞ்சி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டரும் வாங்கிய பிறகு மிஞ்சும் பணத்துக்கு ஏற்ற டிஸ்க் மெஷின் போதும்.

டேங்க் பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைப்பது

லிட்டரைப் பார்க்காதீர்கள், தண்ணீர் விடும் லீவரைப் பாருங்கள். கையை எடுத்ததும் சட்டென்று நிற்க வேண்டும். சொட்டிக்கொண்டே இருந்தால், அடியில் சணல் வைத்த கார்ப்பெட்டில் பழுப்புக் கறை மேலே ஏறி வரும். டைல் கார்ப்பெட்டில் பசை விட்டு மூலை தூக்கும், அடுத்த முறை பிரஷ் அந்த மூலையைப் பிடித்து இழுக்கும். சென்னைக் காற்றின் ஈரத்தில் நனைந்த கார்ப்பெட் லேசில் காயாது. ஏசியையும் புளோயரையும் ஓடவிட வேண்டியிருக்கும்.

செகண்ட் ஹேண்டில் 110 வோல்ட் அமெரிக்க மெஷின்

வேண்டாம். நம் லைன் 230 வோல்ட்.

5 ஆம்பியர் பிளக்கில் ஓட்டிவிடலாம் என்று நம்புவது

ஒன்றரை ஹெச்பி மோட்டார் 1100 வாட்டுக்கு மேல் இழுக்கும், ஸ்டார்ட் ஆகும்போது இன்னும் அதிகம். 15 ஆம்பியர் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று சைட்டில் பார்த்துவிட்டு ஒயர் நீளத்தை முடிவு செய்யுங்கள்.

கடையின் டைல்ஸ் தரையில் டெமோ பார்ப்பது

வழவழப்பான தரையில் எந்த மெஷினும் சமர்த்தாக ஓடும். கார்ப்பெட்டில் பிரஷுக்குப் பிடிப்பு அதிகம், மோட்டார் திணறும், பழகாத கையை மெஷின் இழுத்துக்கொண்டு போகும். கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கினால் வலப்பக்கம், தாழ்த்தினால் இடப்பக்கம் என்று பெரும்பாலான மெஷின்கள் நகரும். அது கார்ப்பெட்டில் எப்படி நடக்கிறது என்பதை, தினமும் ஓட்டப் போகிற பையன் தன் கையால் பிடித்துப் பார்க்க வேண்டும். அதனால் டீலரை மெஷினோடு சைட்டுக்கு வரச் சொல்லுங்கள். சோபா மறைக்கும் ஓர் இடத்தில் ஓட்டிவிட்டு, அன்றைக்கே பணம் கொடுக்காமல் மறுநாள் வரை காயவிடுங்கள். அப்புறம் டார்ச்சைத் தரையோடு சாய்த்து அடித்துப் பாருங்கள். வட்டத் தடம் தெரிந்தால் என்ன தள்ளுபடி கொடுத்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.