அறுபத்துமூவர் பார்க்க மயிலைக்கு வருகிறீர்களா?

பங்குனி பிறந்தால் தோழிகள் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்: "அறுபத்துமூவர் அன்னைக்கு வரட்டுமா?" தாராளமாக வாருங்கள். ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு நாளும் வாருங்கள். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழா பத்து நாள் நடக்கிறது. அறுபத்து மூன்று நாயன்மாரும் ஊர்வலம் வருகிற அறுபத்துமூவர் எட்டாம் நாள், அன்று கூட்டத்தில் தெருவே தெரியாது.

முதல் வருகைக்கு நான் சொல்வது மூன்றாம் நாள், சாமி அதிகார நந்தி வாகனத்தில் வரும் நாள். விடியற்காலை ஐந்தரைக்கே கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே வந்து நின்றுவிடுங்கள். உள்ளே நாதஸ்வரத்தில் மல்லாரி கேட்கும், கொஞ்ச நேரத்தில் வெள்ளி நந்தி வாசலுக்கு வரும். கோபுரம் கிழக்குப் பார்த்தது என்பதால் காலை வெளிச்சம் நேரே நந்தியின் முகத்தில் விழும். அப்புறம் கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கி, சுமக்கிற சீர்பாதம் தாங்கிகளின் தோளைப் பாருங்கள். வருடக்கணக்காகத் தண்டு அழுத்தி அங்கே தோல் தடித்துக் காய்த்திருக்கும். எனக்கு அதுவும் தரிசனம்தான்.

சாமி நகர்ந்ததும் பொன்னம்பல வாத்தியார் தெருவுக்கு நடங்கள். அங்கே ஒரு வீட்டு ஜன்னல் வழியாகவே பொங்கலும் வடையும் தருவார்கள். பெயரே ஜன்னல் கடை.

எட்டாம் நாளுக்கு வண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், மாட வீதிகளை அடைத்துவிடுவார்கள். பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்கினால் நடை தூரம். முடிந்தால் காலையிலேயே வாருங்கள். பாம்பு கடித்து இறந்த பூம்பாவையை ஞானசம்பந்தர் பாடி எழுப்பியதை அன்று நடத்திக் காட்டுவார்கள். அந்தப் பதிகத்தில் அவர் மயிலையின் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, "இதைக் காணாமலா போகிறாய்?" என்றுதான் அவளைக் கேட்கிறார். ஏழாம் நூற்றாண்டுப் பாட்டு. பங்குனி உத்திரமும் அதில் இருக்கிறது. நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கும்.

மூன்று மணி வாக்கில் ஊர்வலம் கிளம்பும். தெற்கு மாட வீதி முடிந்து ராமகிருஷ்ண மடம் சாலைக்குத் திரும்புகிற முனையில் நில்லுங்கள். பல்லக்குகள் திரும்பும்போது நின்று நிதானித்து வரும். ஒவ்வொன்றிலும் நாலு நாயன்மார் என்று வரிசையாகப் போவார்கள். அதில் வாயிலார் யார் என்று பக்கத்தில் கேளுங்கள், இதே மயிலாப்பூரில் பிறந்தவர். கோலவிழி அம்மனும், வாசுகியோடு திருவள்ளுவரும்கூட வருவார்கள்.

தெருவெங்கும் நீர்மோர், பானகம், புளியோதரை கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். முடிந்த அளவு மட்டும் வாங்குங்கள். கையில் ஒரு டம்ளர் இருந்தால் பேப்பர் கப் மிச்சம்.

குழந்தையோடு வந்தால் அதன் உள்ளங்கையில் உங்கள் போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுங்கள். ஏழு வயதில் பலூன்காரர் பின்னாலேயே போய் நான் தொலைந்திருக்கிறேன். ஒரு பூக்கார அம்மா தன் பலகையில் என்னை உட்காரவைத்து, கையில் ஒரு கதம்பத் துண்டைக் கொடுத்து, அம்மா தேடி வரும்வரை எழுந்திருக்கவே விடவில்லை.

சாமி கோயிலுக்குத் திரும்ப இரவாகிவிடும். கடைசி ரயில் நேரத்தை முன்பே பார்த்து வையுங்கள். கிளம்பும்போது வடக்கு மாட வீதியில் இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொள்ளுங்கள், அந்த நேரத்துக்குக் கேட்காமலேயே ஒரு சாண் சேர்த்துக் கொடுப்பார்கள்.