ரிட்டயர் ஆகும் முன்பே கம்பெனி மெடிக்ளெய்மை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்

கோவை பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியின் பர்சனல் ஆபீஸில் 27 வருஷம் வேலை பார்த்தேன். பி.எஃப். பாரம், கிராஜுவிட்டி, மெடிக்ளெய்ம் என்கிற மருத்துவ இன்சூரன்ஸ் எல்லாமே என் மேஜையைத் தாண்டித்தான் போகும். அப்படியிருந்தும் லேத் பிரிவு அண்ணன் ஒருவர் விஷயத்தில் தவறிவிட்டேன்.

அவர் மே 31-ல் ரிட்டயர் ஆனார். மாலை போட்டு, சால்வை போர்த்தி, வேனில் வீடுவரை கொண்டுபோய் விட்டோம். ஜூலையில் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரி கவுன்டரிலிருந்து எனக்குப் போன் செய்தார். "அம்மிணி, கார்டுல செப்டம்பர் 30 வரைக்கும்னு போட்டிருக்குதுங்க, செல்லாதுங்கறாங்களே?" ஜூன் முதல் வாரமே அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் போட்டிருந்தோம். எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவருடைய பி.எஃப். பணத்தில் 2,10,000 ரூபாய் ஒரே வாரத்தில் போய்விட்டது.

ஆகவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கார்டில் இருக்கும் தேதி, கம்பெனி எடுத்த மொத்தப் பாலிசிக்கான தேதி. உங்கள் பாதுகாப்பு பெரும்பாலான பாலிசிகளில் வேலையின் கடைசி நாளோடு முடிந்துவிடும். உங்கள் மனைவி அல்லது கணவர், அதில் சேர்த்திருந்த அப்பா அம்மா, எல்லோருக்கும் அன்றே முடியும்.

ரிட்டயர்மென்ட்டுக்கு ஆறு மாசம் இருக்கும்போது ஹெச்.ஆரிடம் போய் மூன்று கேள்வி கேளுங்கள். என் பெயர் பாலிசியில் எந்தத் தேதி வரை இருக்கும்? ரிட்டயர் ஆனவர்களுக்கென்று தனிப் பாலிசி ஏதாவது கம்பெனியில் உண்டா? இல்லையென்றால், இதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாற யாரிடம் விண்ணப்பம் கொடுக்க வேண்டும்? பதிலை வாய்வார்த்தையாக வாங்காதீர்கள், மெயிலில் வாங்குங்கள்.

மூன்றாவது கேள்வியைத்தான் நிறையப் பேர் கேட்பதே இல்லை. கம்பெனியின் குரூப் பாலிசியில் சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவரையும் மருத்துவப் பரிசோதனை இல்லாமல் சேர்த்துக்கொள்வார்கள், பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே பணம் கிடைக்கும். 58 வயதில் வெளியே போய்ப் புதிதாக ஒரு பாலிசி எடுத்தால் கதை வேறு. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அதிகபட்சம் மூன்று வருஷம் வரை காத்திருக்க வைக்கலாம். கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்கும் தனியே இரண்டு, மூன்று வருஷக் காத்திருப்பு உண்டு. இந்தச் சிகிச்சைகள் தேவைப்படுவதே அந்த வயதில்தான்.

ஆனால் குரூப் பாலிசியில் இருப்பவர் அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் அல்லது குடும்பப் பாலிசிக்கு மாறிக்கொள்ள இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விதிகளில் வழி இருக்கிறது. அப்படி மாறினால், குரூப்பில் நீங்கள் இடைவெளி இல்லாமல் இருந்த வருஷங்களைக் காத்திருப்புக் காலத்தில் கழித்துக்கொள்வார்கள். நான் அந்த வருஷங்களை பி.எஃப்., கிராஜுவிட்டி மாதிரி நம் சம்பாத்தியம் என்றே நினைக்கிறேன். பி.எஃப்.பை ஒருவரும் விட்டுவிட்டு வருவதில்லை. இதை மட்டும் கேட்காமலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

இதற்குத் தேவையான காகிதங்கள் ஆபீஸில்தான் இருக்கும், வெளியே வந்த பிறகு வாங்குவது பாடு. ஒவ்வொரு வருஷத்துப் பாலிசிக் கார்டு, நீங்களும் துணைவரும் பாலிசியில் சேர்ந்த தேதி, இதுவரை வாங்கிய கிளெய்ம் விவரம் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். நடுவில் கம்பெனி இன்சூரன்ஸ்காரரை மாற்றியிருந்தால் பழையவரின் கார்டுகளும் வேண்டும். விண்ணப்பத்தைக் கடைசி நாளுக்கு ஒன்றரை மாசம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். பழைய பாதுகாப்பு முடிவதற்கும் புதியது தொடங்குவதற்கும் நடுவில் இடைவெளி விழக் கூடாது.

விண்ணப்பித்தால் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடுவார்கள் என்று இல்லை. பரிசோதனை செய்யச் சொல்லலாம், பிரீமியத்தை ஏற்றலாம், மறுக்கவும் செய்யலாம். என் வீட்டுக்காரருக்குப் பதினோரு வருஷமாகச் சர்க்கரை. எங்களுக்கு ஏற்றித்தான் கொடுத்தார்கள். இருவருக்கும் சேர்த்து முதல் வருஷம் 38,400 ரூபாய் வந்தது. கம்பெனியில் 3 லட்சம் இருந்ததை 5 லட்சமாக எடுத்தோம். பழைய 3 லட்சத்துக்கு மட்டும்தான் எங்கள் வருஷங்களைக் கணக்கில் எடுத்தார்கள், கூட்டிய 2 லட்சத்துக்குக் காத்திருப்பு புதிதாக ஓடுகிறது. சேவை பிடிக்கவில்லை என்றால் ஒரு வருஷம் முடிந்து புதுப்பிக்கும்போது வேறு கம்பெனிக்குப் போர்ட் செய்துகொள்ளலாம், வருஷங்கள் கூடவே வரும்.

பிரீமியம் குறையட்டும் என்று சர்க்கரையை மறைக்கச் சொல்லும் ஏஜென்ட்டுகளை நானே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து கேட்காதீர்கள். நாற்பதாயிரம் கட்டி, ஐந்து லட்சத்துக்குக் கிளெய்ம் போடும்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் "11 வருஷமாக நீரிழிவு" என்று டாக்டர் எழுதிவிட்டால் எல்லாம் போயிற்று. உண்மையைச் சொல்லி எடுத்த பாலிசி தொடர்ந்து 60 மாதம் ஓடிவிட்டால், அதன்பின் மோசடியை நிரூபித்தாலொழிய, எதையோ சொல்லவில்லை என்று காரணம் காட்டி மறுக்க முடியாது.

பாலிசிக் காகிதத்தில் இரண்டு இடங்களை விரல் வைத்துப் படியுங்கள். ஒன்று கோ-பே, அதாவது ஒவ்வொரு பில்லிலும் நாம் கட்ட வேண்டிய பங்கு. 20 சதவீதம் என்று இருந்தால் 2 லட்ச ரூபாய் பில்லில் 40,000 உங்கள் கையிலிருந்து போகும். இன்னொன்று அறை வாடகை. ஒரு நாளைக்கு 3,000 என்று வரம்பு இருக்கும்போது நீங்கள் 6,000 ரூபாய் அறையில் படுத்தால், அதிகப்பட்ட வாடகை மட்டும் குறையாது. டாக்டர் பீஸ், ஆபரேஷன் தியேட்டர் செலவு என்று அறையோடு சேர்ந்து ஏறும் பலவற்றையும் பாதியாகக் குறைத்துவிடுவார்கள். பிடிக்கவில்லை என்றால், புதிதாக எடுத்த பாலிசியைக் கையில் கிடைத்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

தனிநபர் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. பழைய வருமான வரி முறையில் இருக்கும் 60 வயது தாண்டியவர்களுக்கு 50,000 ரூபாய் வரை கழிவும் உண்டு, ஆனால் பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டக் கூடாது.

இவ்வளவு பிரீமியம் கட்ட முடியாதவர்கள்தான் எங்கள் ஷாப் ஃப்ளோரில் அதிகம். அவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுத உட்கார்ந்தேன். தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் குறைந்தது ஐந்து வருஷம் இருந்து, ஓய்வு வயதில் அதிலிருந்தே வெளியேறியவர், வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் துணைவருக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவம் தொடரும். மாசத்துக்கு அல்ல, வருஷத்துக்கு 120. ரிட்டயர் ஆன தேதிக்குக் கம்பெனியின் கடிதம், இ.எஸ்.ஐ. எண், இருவரின் ஆதார், போட்டோ எடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்துக்குப் போங்கள். சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டிவரும், உண்மைதான். ஆனால் மாசாமாசம் சர்க்கரை மாத்திரைக்குக் கைக்காசு போவது நிற்கும். பெரும்பாலான மெடிக்ளெய்ம் பாலிசிகள் அதைச் செய்யாது.

சம்பளம் 21,000-ஐத் தாண்டி இ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே வந்துவிட்டவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்தின் வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். "நான் கம்பெனி ஆளு, எனக்கெல்லாம் தரமாட்டாங்க" என்று பலர் கேட்கவே கூச்சப்படுகிறார்கள். 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பில் பி.எஃப். பிடித்த தொழிலாளிக்கு, முழு சர்வீஸ் போட்டாலும், பி.எஃப்.போடு சேர்ந்த இ.பி.எஸ். பென்ஷன் மாதம் 7,500-ஐ ஒட்டித்தான் வரும். வருஷத்துக்கு 90,000. வேலை போன பிறகு அந்தக் குடும்பத்தின் வருமானம் அவ்வளவுதான் என்றால் கூச்சப்பட என்ன இருக்கிறது? வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் மையத்துக்குப் போக வேண்டும். லேத் அண்ணனின் பென்ஷன் 4,100 ரூபாய். அவரையும் அவர் மனைவியான அக்காவையும் நானே கூட்டிக்கொண்டு போனேன். பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில், குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. செலவான 2,10,000 திரும்பி வரவில்லை. ஆனால் அடுத்த வருஷம் அக்காவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் அந்தக் கார்டில்தான் நடந்தது.

மத்திய அரசில் இருந்தவர்களுக்கு சி.ஜி.ஹெச்.எஸ். என்ற மருத்துவத் திட்டம் உண்டு, பத்து வருஷச் சந்தாவை ஒரே தடவையில் கட்டினால் ஆயுள் கார்டு. வங்கிகளில் ரிட்டயர் ஆனவர்களுக்குத் தனிக் குரூப் பாலிசி இருக்கிறது. இவர்களுக்கு வழி காட்ட யூனியனும் பென்ஷனர் சங்கமும் இருக்கின்றன, நான் நீட்டவில்லை.

"பையன் பெங்களூரில் ஐ.டி.யில் இருக்கான், அவன் பாலிசியில் எங்களைச் சேர்த்திருக்கான்" என்பவர்கள் கொஞ்சம் கேளுங்கள். அதுவும் கம்பெனி பாலிசிதான். அவன் வேலை மாறும் அன்று உங்கள் பாதுகாப்பும் முடியும். அப்போது உங்களுக்கு 65 வயதும் கூட இரண்டு நோயும் இருக்கும். அதை வைத்துக்கொள்ளுங்கள், சின்னத் தொகைக்காவது சொந்தமாக ஒன்று இப்போதே ஓடட்டும்.

கிளெய்ம் மறுத்தால் இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் என்கிற குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை.

பாலிசி நகல், கார்டுகள், ஹெச்.ஆர். மெயிலின் பிரின்ட், உதவி எண் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, வீட்டில் இருவருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் அது பீரோவின் மேல் தட்டில், காஸ் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. எனக்கு ஒன்று ஆனால் அதை எடுத்துக்கொண்டு கவுன்டரில் என்ன சொல்ல வேண்டும் என்று வீட்டுக்காரரை ஒருநாள் உட்காரவைத்து இரண்டு தடவை சொல்லிக் காட்டச் சொன்னேன். இரண்டாவது தடவை சரியாகச் சொன்னார்.