யூனிட்டில் உள்ள குரல் கேட்வேக்கு டெர்மினல் வழியாகப் பிராக்ஸி அமைத்தல்

திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரத்துப் பின்னலாடை நிறுவனங்களில் தலைமை அலுவலகம் ஓரிடத்திலும், கட்டிங், தையல், பிரிண்டிங் யூனிட்டுகள் வேறு வேறு ஊர்களிலும் இருப்பது வழக்கம். யூனிட்டுக்குள் இருக்கும் இன்டர்காம்களையும் வெளி லைன்களையும் இணைப்பதற்கு ஒரு குரல் கேட்வே இருக்கும்; அது விபிஎன் (இணையத்தின் மேல் அமையும் தனிப் பாதுகாப்பு இணைப்பு) வழியாகத் தலைமை அலுவலகத்தைத் தொடும்; இணையத்துக்கான வாசல் மட்டும் தலைமை அலுவலக ஃபயர்வாலில் இருக்கும். இத்தகைய அமைப்பில் கேட்வே தன் மென்பொருள் புதுப்பிப்புகளை எடுக்கவும், அழைப்புப் பதிவுகளை வெளிச் சர்வருக்கு அனுப்பவும் தலைமை அலுவலகத்துப் பிராக்ஸியைத்தான் (மற்ற இயந்திரங்களின் சார்பில் இணையத்தை அணுகித் தரும் இடைநிலைச் சர்வர்) நாட வேண்டும். டெபியன் லினக்ஸின் மேல் ஆஸ்டெரிஸ்க் என்ற தொலைபேசி இணைப்பக மென்பொருள் ஓடும் ஒரு கேட்வேயை வைத்து அந்த அமைப்பை இங்கே விளக்குகிறேன். தயாரிப்பாளரின் சொந்தக் கட்டளைமொழியோடு வரும் பெட்டிகளில் கட்டளைகளின் பெயர் மாறும், ஆனால் சரிபார்க்க வேண்டிய விஷயங்கள் பெரும்பாலும் இவைதான்.

இந்த வேலை பெரும்பாலும் போனில்தான் நடக்கிறது. தலைமை அலுவலகத்தில் ஒருவர் சொல்லச் சொல்ல, யூனிட்டில் எலெக்ட்ரீஷியனோ சூப்பர்வைசரோ கேட்வேயில் மாட்டிய கீபோர்டில் தட்டுவார். அதற்கு வசதியாகக் கட்டளைகளை ஒலிக்கும் விதத்திலேயே எழுதியிருக்கிறேன். வேறுவிதமாகச் சொல்லப்படாத இடங்களில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். எண்கள், சாய்கோடு, அடிக்கோடு, மேற்கோள் குறி ஆகியவற்றை உள்ளபடியே தட்ட வேண்டும். எடுத்துக்காட்டில் பிராக்ஸியின் முகவரி 10.20.0.5, அதன் போர்ட் 3128, கேட்வேயின் முகவரி 10.20.8.2. ஸ்குவிட் என்ற பிராக்ஸி மென்பொருளின் இயல்பான போர்ட் 3128தான்; டைனிபிராக்ஸி என்ற மற்றொன்று என்றால் 8888 ஆக இருக்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஹெச்டிடிபி பிராக்ஸி வழியாகக் குரல் போகாது. அழைப்பை ஏற்படுத்தும் சிப் செய்திகள் வழக்கமாக யுடிபி 5060 போர்ட்டிலும், பேச்சைச் சுமக்கும் ஆர்டிபி பாக்கெட்டுகள் ஆஸ்டெரிஸ்க்கின் மாதிரி அமைப்பில் 10000 முதல் 20000 வரையுள்ள யுடிபி போர்ட்டுகளிலும் செல்கின்றன. இவற்றை ஸ்குவிட் கையாள்வதில்லை. ஆஸ்டெரிஸ்க்கின் சிப் பகுதியான பிஜேசிப் அமைப்பில் காணப்படும் 'அவுட்பவுண்ட் பிராக்ஸி' என்பது சிப் செய்திகளுக்கான வேறொரு சர்வர். அந்த இடத்தில் ஸ்குவிட்டின் முகவரியை எழுதினால் டிரங்க் (வெளி லைன் தரும் நிறுவனத்தோடுள்ள இணைப்பு) பதிவே நின்றுபோகும். ஆகவே 'பிராக்ஸி போட்டும் பேச்சு ஒருபக்கம்தான் கேக்குதுங்க' என்று யூனிட்டிலிருந்து வரும் புகாருக்கு இந்தக் கட்டுரையில் மருந்து இல்லை. அதற்கு ஃபயர்வாலையும் நேட் (உள் முகவரியை வேறு முகவரியாக மாற்றும்) அமைப்பையும் பார்க்க வேண்டும்.

எந்தக் கோப்பையும் தொடுவதற்கு முன், பிராக்ஸியை கேட்வே எட்டுகிறதா என்று பார்க்கவும். பிங் மட்டும் போதாது. பிங்குக்குப் பதில் தரும் இயந்திரம் 3128 போர்ட்டை மூடி வைத்திருக்கலாம்.

என்சி -விஇசட் 10.20.0.5 3128

உடனே 'ஓப்பன்' அல்லது 'சக்சீடட்' என்று வந்தால் பாதை சரி. 'ரெஃப்யூஸ்ட்' என்று வந்தால் பெரும்பாலும் அந்தப் போர்ட்டில் பிராக்ஸி ஓடவில்லை. எதுவும் வராமல் கர்சர் நின்றுகொண்டே இருந்தால் நடுவில் ஒரு ஃபயர்வால் பாக்கெட்டை விழுங்குகிறது அல்லது விபிஎன் இறங்கியிருக்கிறது. அடுத்து, நிரந்தரமாக எதையும் எழுதாமல் கர்ல் என்ற கட்டளையால் ஒரே ஒரு கோரிக்கையைப் பிராக்ஸி வழியாக அனுப்பிப் பார்க்கவும்.

கர்ல் -வி -எக்ஸ் ஹெச்டிடிபி://10.20.0.5:3128 ஹெச்டிடிபிஎஸ்://டெபியன்.ஓஆர்ஜி

இதன் வெளியீட்டைப் பொறுமையாகப் படிக்க வேண்டும், ஏனெனில் பின்னால் வரும் பாதிச் சிக்கல்களுக்கு விடை இங்கேயே கிடைத்துவிடும். முதலில் 'கனெக்ட்' என்ற சொல்லோடு தளத்தின் பெயரும் 443 என்ற எண்ணும் தெரியும். பாதுகாப்பான தளத்துக்குப் பிராக்ஸியிடம் ஒரு சுரங்கம் கேட்பது அதுதான். அதற்குப் பதிலாக 200 வந்தால் சுரங்கம் திறந்துவிட்டது. 407 வந்தால் பிராக்ஸி பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது. 403 வந்தால் பிராக்ஸி நம்மைக் கண்டுகொண்டு, விதிப்படி மறுத்துவிட்டது. ஸ்குவிட்டோடு வரும் மாதிரி அமைப்பில் 443 தவிர்த்த போர்ட்டுகளுக்குச் சுரங்கம் மறுக்கப்படும் என்பதால், அழைப்புப் பதிவுச் சர்வர் 8443 போன்ற போர்ட்டில் இருந்தால் இந்த 403 உறுதியாக வரும்; அதைத் தலைமை அலுவலகத்து ஸ்குவிட்டில்தான் திறந்துவிட வேண்டும். கட்டளையில் பிராக்ஸியின் முகவரி ஹெச்டிடிபி என்று தொடங்குவதைக் கண்டு, 'எஸ்' விட்டுப்போயிற்று என்று திருத்திவிட வேண்டாம். அது கேட்வேயும் பிராக்ஸியும் பேசிக்கொள்ளும் முறையைக் குறிக்கிறதே தவிர, போய்ச்சேரும் தளத்தைக் குறிப்பதில்லை.

சோதனை வெற்றி பெற்றபின்தான் அமைப்பை எழுதத் தொடங்க வேண்டும். லினக்ஸில் 'பிராக்ஸி இதுதான்' என்று ஓரிடத்தில் எழுதினால் எல்லா நிரலுக்கும் தெரிந்துவிடும் என்ற எண்ணம்தான் பலரை அலைய வைக்கிறது. லாகின் செய்தவரின் டெர்மினல், மென்பொருள்களை நிறுவும் ஆப்ட், பின்னணியில் ஓடும் சர்வீஸ், குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் கிரான் என்று ஒவ்வொன்றும் தனக்குச் சொன்னதை மட்டுமே அறியும். டெர்மினலில் கர்ல் அழகாக ஓடுவதைப் பார்த்து வேலை முடிந்தது என்று போனை வைத்துவிடுவார்கள்; இரவில் அழைப்புப் பதிவை அனுப்ப வேண்டிய நிரல் பிராக்ஸியைப் பற்றி எதுவுமே அறியாமல் நேராக இணையத்தைத் தட்டித் தோற்றுக்கொண்டிருக்கும்.

டெர்மினலுக்கான வரிகள் இவை:

எக்ஸ்போர்ட் ஹெச்டிடிபி_பிராக்ஸி=ஹெச்டிடிபி://10.20.0.5:3128
எக்ஸ்போர்ட் ஹெச்டிடிபிஎஸ்_பிராக்ஸி=ஹெச்டிடிபி://10.20.0.5:3128
எக்ஸ்போர்ட் நோ_பிராக்ஸி=லோக்கல்ஹோஸ்ட்,127.0.0.1,10.20.0.5,10.20.8.2

மாறிகளின் பெயரைச் சிறிய எழுத்திலேயே எழுதவும். முதல் மாறியைப் பெரிய எழுத்தில் எழுதினால் கர்ல் அதைப் பாதுகாப்புக் காரணத்துக்காக வேண்டுமென்றே கண்டுகொள்வதில்லை.

மூன்றாவது வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு மூன்றிலும் முக்கியமானதாகப் படுவது அதுதான். ஆஸ்டெரிஸ்க்கோடு பேசும் சிறு நிரல்கள் பல, அதே இயந்திரத்தின் 127.0.0.1 முகவரியில் 8088 போர்ட்டைத்தான் அழைக்கும். நோ_பிராக்ஸி இல்லாவிட்டால் அந்தக் கோரிக்கையும் தலைமை அலுவலகத்துக்குப் பயணப்படும், அங்கே 127.0.0.1 என்பது பிராக்ஸி இயந்திரத்தையே குறிக்கும் என்பதால், கோரிக்கை மறுக்கப்படும் அல்லது சம்பந்தமில்லாத இயந்திரத்தைத் தட்டும். யூனிட்டுக்குள் இருக்கும் மற்றக் கருவிகளின் முகவரிகளையும் இதில் ஒவ்வொன்றாகச் சேர்ப்பதே நல்லது. 10.20.0.0/16 என்று முழு வலையமைப்பையும் ஒரே வீச்சில் எழுதும் வசதி கர்லில் 7.86.0 பதிப்பிலிருந்துதான் வந்தது. டெபியன் 12இல் இருக்கும் 7.88.1 அதைப் புரிந்துகொள்ளும், டெபியன் 11இல் இருக்கும் 7.74.0 புரிந்துகொள்ளாது. 10.20.* என்று நட்சத்திரம் போட்டு எழுதுவதும் பலிக்காது. முகவரிகளுக்கு நடுவே காற்புள்ளி மட்டும் போதும், இடைவெளி வேண்டாம்.

இம்மூன்று வரிகளும் டெர்மினலை மூடும்வரைதான் உயிரோடு இருக்கும். ஒவ்வொரு லாகினிலும் வர வேண்டுமானால் /இடிசி/ப்ரொஃபைல்.டி/ கோப்புறைக்குள் பிராக்ஸி.எஸ்ஹெச் என்ற கோப்பில் அவற்றை அப்படியே எழுதி வைக்கவும். இதற்குப் பிறகும் நிர்வாகி உரிமைக்காக 'சுடோ' போட்டு ஓட்டும் கட்டளைக்கு இவை சேராது, ஏனெனில் சுடோ சுற்றுப்புற மாறிகளைப் பெரும்பாலும் உதறிவிட்டுத்தான் கட்டளையைத் தொடங்கும். அவசரத்துக்கு 'சுடோ -ஈ' என்று, ஈ என்பதைப் பெரிய எழுத்தில் போட்டு ஓட்டலாம்.

ஆப்ட்டுக்கு அதன் சொந்தக் கோப்பில் எழுதிவிடுவதே முறை. /இடிசி/ஆப்ட்/ஆப்ட்.கான்ஃப்.டி/ என்ற கோப்புறையில் 95பிராக்ஸி என்ற பெயரில் ஒரு கோப்பு உருவாக்கி இவற்றை எழுதவும்:

அக்கொயர்::ஹெச்டிடிபி::பிராக்ஸி "ஹெச்டிடிபி://10.20.0.5:3128/";
அக்கொயர்::ஹெச்டிடிபிஎஸ்::பிராக்ஸி "ஹெச்டிடிபி://10.20.0.5:3128/";

அக்கொயர், பிராக்ஸி ஆகிய சொற்களின் முதலெழுத்து மட்டும் பெரியது. வரி முடிவில் உள்ள அரைப்புள்ளி விட்டுப்போனால் ஆப்ட் பிழை காட்டி நிற்கும். போனில் சொல்லும்போது அடிக்கடி தவறுவது இதுதான். ரவுட்டர்களுக்கான லினக்ஸான ஓபன்டபிள்யூஆர்டி அடிப்படையிலான சிறு பெட்டியில் ஆப்ட்டுக்குப் பதில் ஓபிகேஜி இருந்தால், /இடிசி/ஓபிகேஜி.கான்ஃப் கோப்பில் 'ஆப்ஷன் ஹெச்டிடிபி_பிராக்ஸி' என்று எழுதி, இடைவெளி விட்டு முகவரியைத் தந்தால் போதும்.

அடுத்தது சர்வீஸ். லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தொடங்கும் சர்வீஸ்கள் ப்ரொஃபைல்.டி கோப்புறையை எட்டிப் பார்ப்பதே இல்லை. எனவே,

சுடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் ஆஸ்டெரிஸ்க்

என்று ஓட்டினால் திறக்கும் எடிட்டரில் இவ்வாறு எழுதிச் சேமிக்கவும்:

[சர்வீஸ்]
என்விரான்மென்ட்="ஹெச்டிடிபி_பிராக்ஸி=ஹெச்டிடிபி://10.20.0.5:3128"
என்விரான்மென்ட்="ஹெச்டிடிபிஎஸ்_பிராக்ஸி=ஹெச்டிடிபி://10.20.0.5:3128"
என்விரான்மென்ட்="நோ_பிராக்ஸி=லோக்கல்ஹோஸ்ட்,127.0.0.1,10.20.0.5,10.20.8.2"

சர்வீஸ், என்விரான்மென்ட் இரண்டுக்கும் முதலெழுத்து பெரியது. திறக்கும் எடிட்டரில், எழுத வேண்டிய இடத்தை மேலே காட்டும் குறிப்புக்கும், அதன் கீழே உள்ள பழைய உள்ளடக்கத்துக்கும் இடையில்தான் எழுத வேண்டும். கீழே எழுதியது சேமிக்கும்போது தள்ளப்பட்டுவிடும்.

மாற்றம் நடப்புக்கு வர சர்வீஸை நிறுத்தித் தொடங்க வேண்டும், தொடங்கினால் நடக்கும் அழைப்புகள் அறுந்துபோகும். ஆஸ்டெரிஸ்க் கன்சோலில் 'கோர் ஷோ சேனல்ஸ்' என்று கேட்டு, அழைப்பு எதுவும் இல்லை என்று கண்டபின், ஷிஃப்ட் மாறும் நேரம் பார்த்து 'சுடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் ஆஸ்டெரிஸ்க்' என்று ஓட்டவும். ஆஸ்டெரிஸ்க் கன்சோலுக்குள்ளேயே இருக்கும் ரீஸ்டார்ட் கட்டளை இதற்கு உதவாது. அது பழைய சுற்றுப்புறத்தைச் சுமந்தபடியே தன்னைத் திரும்பத் தொடங்கிக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸுக்கு மாறிகள் உண்மையில் சேர்ந்தனவா என்பதை, அதன் செயல் எண்ணைக் கண்டு /ப்ராக்/ கோப்புறையில் அந்த எண்ணின் கீழுள்ள என்விரான் கோப்பைத் திறந்து பார்த்தால் ஐயமறத் தெரியும்.

கிரானில் ஓடும் அனுப்பு நிரலுக்கு, கிரான்டேப் கோப்பின் தலைப்பகுதியில் அதே மூன்று மாறிகளையும் எக்ஸ்போர்ட் என்ற சொல் இல்லாமல் எழுதிவிடவும்.

பிராக்ஸி கடவுச்சொல் கேட்டால் அதை முகவரிக்குள்ளேயே, பயனர்பெயர், முக்காற்புள்ளி, கடவுச்சொல், அட் குறி, முகவரி என்ற வரிசையில் எழுதலாம். கடவுச்சொல்லுக்குள்ளேயே அட் குறி இருந்தால் அதை %40 என்றும், முக்காற்புள்ளியை %3ஏ என்றும், ஹேஷ் குறியை %23 என்றும் மாற்றி எழுத வேண்டும். இல்லாவிட்டால் முகவரி நடுவில் வெட்டுப்படும். சிஸ்டம்டி கோப்பில் மட்டும் ஒவ்வொரு சதவீதக் குறியையும் இரட்டிக்க வேண்டும், அதாவது %%40. என் கருத்தில், யூனிட்டில் பலர் கைபடும் பெட்டியில் கடவுச்சொல்லை எழுதி வைப்பதைவிட, ஸ்குவிட்டில் இந்த கேட்வேயின் முகவரியை மட்டும் அனுமதிப்பது மேல். ஸ்குவிட்டின் அமைப்புக் கோப்பில் அதற்கு எழுத வேண்டியவை:

ஏசிஎல் யூனிட்கேட்வே எஸ்ஆர்சி 10.20.8.2
ஹெச்டிடிபி_அக்சஸ் அலவ் யூனிட்கேட்வே

இவ்விரண்டும் 'டினை ஆல்' என்ற வரிக்கும், கடவுச்சொல் கேட்கும் விதிக்கும் மேலே வர வேண்டும், ஏனெனில் ஸ்குவிட் மேலிருந்து கீழாகப் படித்து, பொருந்தும் முதல் விதியோடு நின்றுவிடும். 'ஸ்குவிட் -கே பார்ஸ்' என்று எழுத்துப்பிழை சரிபார்த்தபின் 'ஸ்குவிட் -கே ரீகான்ஃபிகர்' ஓட்டவும். விபிஎன் ரவுட்டர் நேட் செய்தால் ஸ்குவிட்டுக்கு ரவுட்டரின் முகவரிதான் தெரியும்; அப்போது /வார்/லாக்/ஸ்குவிட்/அக்சஸ்.லாக் கோப்பில் எந்த முகவரி பதிவாகிறதோ அதை வைத்து முடிவெடுக்க வேண்டும். 'டிசிபி_டனல்/200' என்று அதில் வரிகள் விழுந்தால் வேலை நடக்கிறது. 'டிசிபி_டினைட்' என்று விழுந்தால் விதியைப் பார்க்கவும். எந்த வரியுமே விழாவிட்டால் கோரிக்கை அங்கே வரவில்லை, கேட்வேயின் பக்கமே திரும்பவும்.

இரண்டு சிக்கல்கள் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்குப் பிறகுதான் தலைகாட்டும். யுபிஎஸ் தீர்ந்து பெட்டி அணைந்து எழும்போது, டெர்மினலில் மட்டும் கொடுத்த அமைப்பு போய்விடும். இது எளிதில் பிடிபடும். மற்றது கடிகாரம். மதர்போர்டு பேட்டரி செத்த பெட்டி பழைய தேதியோடு எழும். அந்தத் தேதியில் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று கர்ல் மறுக்கும். பிராக்ஸியில் குறை என்று எல்லோரும் அதைக் குடைவார்கள். நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி யுடிபி 123 போர்ட்டில் ஓடுவதால் பிராக்ஸி வழியாக அது போகாது. தலைமை அலுவலகத்தில் ஓர் என்டிபி சர்வரை வைத்து, கேட்வேயின் /இடிசி/சிஸ்டம்டி/டைம்சின்க்டி.கான்ஃப் கோப்பில் என்டிபி= என்று தொடங்கும் வரியில் அதன் முகவரியைத் தரவும். அந்த வரியில் என்டிபி பெரிய எழுத்தில் இருக்கும்.

தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் பற்றி ஒரு சொல். பிராக்ஸி வழியாகப் போகும் தளங்களின் பெயரைப் பிராக்ஸியே முகவரியாக மாற்றிக்கொள்ளும், ஆகவே கேட்வேயில் டிஎன்எஸ் இல்லாமலும் கர்ல் ஓடும். சிப் டிரங்கின் சர்வர் ஐபி முகவரியால் அல்லாமல் பெயரால் குறிக்கப்பட்டிருந்தால் கேட்வேக்கே டிஎன்எஸ் வேண்டும். கர்ல் ஓடுவதை நம்பி அதை நீக்கிவிட வேண்டாம்.

பிராக்ஸியைக் கழற்ற நேர்ந்தால், ப்ரொஃபைல்.டி கோப்பையும் 95பிராக்ஸி கோப்பையும் அழித்து, 'சிஸ்டம்சிடிஎல் ரிவர்ட் ஆஸ்டெரிஸ்க்' ஓட்டி, கிரான்டேப் வரிகளை நீக்கி, நடப்பு டெர்மினலில் 'அன்செட்' கட்டளையால் மூன்று மாறிகளையும் துடைத்தபின் சர்வீஸை மறுபடி தொடங்கவும். ரிவர்ட் கட்டளை அந்தச் சர்வீஸுக்கு முன்பே வேறு யாராவது எழுதிவைத்த மாற்றங்களையும் சேர்த்து அழித்துவிடும் என்பதால், 'சிஸ்டம்சிடிஎல் கேட் ஆஸ்டெரிஸ்க்' என்று ஓட்டி, வருவதை முதலில் ஒரு கோப்பில் நகலெடுத்து வைத்துக்கொள்ளவும்.