ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்களின் கதையைப் பத்திரிகைக்குக் கொண்டுபோவது எப்படி

ஜவ்வாது மலை, கல்வராயன் மலைப் பக்கத்திலிருந்து ஆந்திராவின் சேஷாசலம் காட்டுக்குச் செம்மரம் வெட்டக் கூட்டிப்போகப்பட்டு மாட்டிக்கொண்டவர்களில் ஒரு பகுதி ஆட்கள், கோர்ட் ஜாமீன் கொடுத்த பிறகும் ஆந்திர ஜெயிலிலேயே கிடக்கிறார்கள். உத்தரவில் உள்ளூர் ஜாமீன்தாரர் இரண்டு பேர் வேண்டும் என்று இருக்கும். ஜமுனாமரத்தூர்க்காரருக்கு சித்தூரில் யார் வந்து கையெழுத்துப் போடுவார்கள்? இதை மாற்றக் கேட்டுத்தான், இந்தக் குடும்பங்களுக்கு உதவும் நாம் பத்திரிகைக்குப் போகிறோம்.

முதலில் நம் எல்லைப் பக்கத்துக்கே உரிய சிக்கலைப் புரிந்துகொள்ளுங்கள். தமிழ் நிருபரிடம் போனால் அது ஆந்திரா மேட்டர் என்பார். தெலுங்குப் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்திலோ, பிடிபட்ட கட்டைகளை அடுக்கி, ஆட்களைக் கீழே உட்கார வைத்து, போலீஸ் பிரஸ் மீட்டில் சொன்னது மட்டும்தான் பெரும்பாலும் வரும். 2015 ஏப்ரல் 7 அன்று அதே சேஷாசலம் காட்டில் 20 பேர் போலீசால் சுட்டுக் கொல்லப்பட்டபோது இரண்டு மொழிகளிலும் பக்கம் பக்கமாக எழுதினார்கள், ஆனால் கையில் ஜாமீன் உத்தரவை வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் உள்ளே இருப்பவரைப் பற்றி நாலு வரி வருவதே கஷ்டம். அதனால் தமிழில் வந்தால் போதும் என்று நின்றுவிடாதீர்கள். ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்த வேண்டிய கோர்ட்டும், ஜெயில் சூப்பிரண்டும், கலெக்டரும் காலையில் புரட்டுவது தெலுங்குப் பேப்பரை.

போவதற்கு முன் காகிதங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜாமீன் உத்தரவின் நகல், எஃப்.ஐ.ஆர்., எந்த ஜெயில், எந்தத் தேதியிலிருந்து என்ற விவரம். கேஸின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள், நிருபர் தன் போனிலேயே இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டுப் பார்த்துவிடுவார், அப்புறம் நீங்கள் சொல்வதை நம்புவதா வேண்டாமா என்ற பேச்சே வராது. ஊரில் ஜாமீனுக்கு நிற்கத் தயாராக இருக்கும் சொந்தக்காரரின் பட்டா, வீட்டு வரி ரசீதும் வேண்டும். இவை எல்லாம் தமிழில் இருக்கும், தெலுங்கு நிருபருக்குப் படிக்க வராது. ஒவ்வொன்றின் மேலும் இது என்ன, யார் பெயரில் என்று தெலுங்கில் இரண்டு வரி எழுதி ஒட்டிக் கொடுங்கள். நகரி, புத்தூர், குப்பம் பக்கம் இரண்டு மொழியும் எழுதத் தெரிந்த ஆளுக்குப் பஞ்சமே இல்லை.

நிருபருக்குக் கொடுக்கும் குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. மனித உரிமை, அநீதி என்று தொடங்காதீர்கள், அந்த மாதிரி பத்து மனு நிருபர் மேசையில் ஏற்கெனவே கிடக்கும். “மார்ச் 4ஆம் தேதி ஜாமீன் கிடைத்தது. இன்று ஜூன் 10. இன்னும் சித்தூர் ஜெயிலில் இருக்கிறார்” என்று உங்கள் கேஸின் தேதிகளைப் போட்டு ஆரம்பியுங்கள். அடுத்து கோரிக்கை, அதுவும் ஒன்றே ஒன்று: சொந்த ஊர் ஜாமீன்தாரரை ஏற்றுக்கொள்ளுங்கள். இது புதிதாக நாம் கண்டுபிடித்துக் கேட்பதில்லை. 1978இல் மோதி ராம் வழக்கில், வேறு மாவட்டத்தில் சொத்து இருக்கிறது என்று சொல்லி, கைதியின் சகோதரர் ஜாமீன் நிற்பதை மறுத்ததைத் தவறு என்றது உச்ச நீதிமன்றம், எழுதியவர் நீதிபதி கிருஷ்ண ஐயர். 2023 ஜனவரி 31 உத்தரவிலும், உள்ளூர் ஜாமீன் கேட்பதும் விடுதலை தாமதமாக ஒரு காரணம், அந்த நிபந்தனையை விதிக்காமல் இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. இந்த இரண்டையும் இரண்டே வரியில் போடுங்கள். நாடு முழுக்க நிலைமை என்ன என்று கேட்டால் இதைக் கொடுங்கள்: 2022 கடைசியில் நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள்.

குடும்பத்தாரைப் பேச வைப்பதில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். நிருபர் அனுசரணையாக, “ஏம்மா உன் பையன் அங்க போனான்?” என்று கேட்பார். அம்மாவும் மனசு விட்டு, “வட்டிக் கடன் இருந்துச்சு சார், மரம் வெட்டத்தான் போனான்” என்று சொல்லிவிடுவார். உண்மையாகவே இருக்கட்டும், படிக்கிறவர்களுக்கு இரக்கமும் வரட்டும், ஆனால் விசாரணை முடியாத கேஸில் அந்த ஒரு வரியை அரசுத் தரப்பு தூக்கிக்கொண்டு வரும் வாய்ப்பு இருக்கிறது. எனவே வக்கீலிடம் முன்கூட்டியே பேசி, எதைச் சொல்லலாம், எதைத் தொடவே கூடாது என்று குடும்பத்தோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ஜாமீன் கிடைத்தது, ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை, ஒரு தடவை போய் மனு போட்டு ஜெயிலில் பார்த்து வர இத்தனை ரூபாய் செலவாகிறது, இத்தனை நாள் கூலி போகிறது, பிள்ளைகள் யார் வீட்டில் இருக்கிறார்கள்: பேச வேண்டியது இவ்வளவுதான். காட்டில் என்ன நடந்தது என்று கேட்டால், “அது கோர்ட்டில் இருக்கிறது சார்.” நீங்களும் அவர் நிரபராதி என்று எழுதிக் கொடுக்காதீர்கள். தீர்ப்பு வராதவர் என்பதே நம் வாதத்துக்குப் போதும்.

கூட்டிப்போன மேஸ்திரியின் பெயர் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. நிருபர் ஊருக்குத் திரும்பிவிடுவார், குடும்பம் அதே மலையில்தான் இருக்க வேண்டும்.

பிடிபட்டவர்களில் 18 வயது ஆகாதவர் இருந்தால் பெயர், படம், ஊர், பள்ளி எதையும் தராதீர்கள், சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு தடுக்கிறது. யூடியூப் சேனல்காரர்கள் வந்தால் பேச வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வக்கீலோ நீங்களோ பக்கத்தில் இல்லாமல் மைக்கை நீட்ட விடாதீர்கள்.

திங்கட்கிழமை பாருங்கள். எல்லையின் இரண்டு பக்கமும் கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாள், நிருபர்கள் அங்கே இருப்பார்கள். சித்தூரில் மனு கொடுத்து ஈநாடு, சாட்சி, ஆந்திர ஜோதி ஆகிய தெலுங்குப் பத்திரிகை ஆட்களிடம் குறிப்பைக் கொடுங்கள், அதே நாளில் உறவினர் ஒருவர் திருவண்ணாமலையில் மனு கொடுத்து தினத்தந்தி, தினமணி, இந்து தமிழ் திசை நிருபர்களைப் பார்க்கட்டும். இரண்டு பக்கமும் ஒரே தேதி, ஒரே கோரிக்கை. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோ எடுத்து அனுப்பாமல் டைப் செய்தே அனுப்புங்கள், அவர்கள் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ள வசதி. மதியத்துக்குள் போய்ச் சேர வேண்டும், சாயங்காலம் ஆனால் பக்கம் நிரம்பிவிடும். வரவில்லை என்றால் சண்டை போடாதீர்கள். அடுத்த வாய்தா தேதியைச் சொல்லி வையுங்கள்.

செய்தி வந்ததும் பேப்பரை வெட்டி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்கு மனுவோடு கொடுங்கள். ஜாமீன் கிடைத்து 7 நாளில் வெளியே வராதவரைப் பற்றி ஜெயில் சூப்பிரண்டு அவருக்குத்தான் தெரிவிக்க வேண்டும், தெரிவித்தாரா என்று கேளுங்கள். மாவட்ட நீதிபதி தலைமையில் கூடும் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழுவில் இந்தப் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். பணம்தான் தடை என்றால், ஏழைக் கைதிகளுக்கான மத்தியத் திட்டத்தில் விசாரணைக் கைதிக்குப் பண உதவி கிடைக்க வழி இருக்கிறது. வக்கீலே இல்லாதவர்கள் 15100க்குப் போன் போடலாம், இலவச சட்ட உதவி எண் அது. ஆள் வெளியே வந்துவிட்டால் எழுதிய நிருபருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், அடுத்த கேஸுக்கு அவரிடமே போக வேண்டியிருக்கும். படம் எடுக்க வரச் சொல்லும் முன் வந்தவரிடம் சம்மதம் கேளுங்கள், அவர் மேல் கேஸ் இன்னும் நடக்கிறது.